தெருக் கூட்டத்துக்கு வாங்குன ஐஸ் பிரேக்கர் கேள்வி கார்டு: எங்க ஊருக்கு எது ஒத்து வந்துச்சு, எது வரல

மொதல்லயே சொல்லிடுதேன், அஞ்சுக்கு மூணரை. காசுக்கு மோசமில்ல, ஆனா பெட்டிக்காரன் எழுதி வச்சிருக்க படியே விளையாடுனா எங்க தெருவுல ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாவ. நாங்க அத பிரிச்சு மேஞ்சு, பாதிய ஒதுக்கி, மிச்சத்த எங்க வழிக்கு கொண்டு வந்த பொறவுதான் அது வேலை செஞ்சுச்சு. அதனால அந்த மூணரை ஸ்டாரு பெட்டிக்கா எங்களுக்கான்னு எனக்கே கொஞ்சம் சந்தேகந்தான்.

ஆன்லைன்ல ஐஸ் பிரேக்கர் கேள்வின்னு, அதாவது பழகாத ஆளுங்கள வாயத் தொறக்க வைக்குத கேள்வின்னு, தேடுனா வரும்லா, சின்ன அட்டைப் பெட்டி, உள்ள நூத்திருவது கார்டு, கார்டுக்கு ஒரு கேள்வி, தமிழ்லயே அச்சடிச்சது. பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு கலரு. பச்சை சும்மா வாயத் தொறக்க, மஞ்சள் கொஞ்சம் உள்ள போக, சிவப்பு மனசுக்குள்ள கெடக்கத தோண்டி எடுக்க. கூட ரெண்டு நிமிசம் ஓடுத மணல் கடிகாரம் ஒண்ணு, மடிச்சு வச்ச நோட்டீஸ் ஒண்ணு. அறுநூறு ரூவாக்கு கொஞ்சம் உள்ள வந்துச்சு. பேரு சொல்லல, இதே சரக்க நாலஞ்சு பேரு வேற வேற அட்டை போட்டு விக்காவ, ஒருத்தர மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்.

எதுக்கு வாங்குனோம்னா எல்லாம் அந்த 2023 டிசம்பர் மழைதான். 17, 18 தேதில காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்னு சொல்லி நாடே வாயப் பொளந்துச்சே, அப்ப எங்க திருநெல்வேலில தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு, கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைன்னு ஏறிட்டு. எங்க தெருவும் ஆத்துக்கு ரொம்ப தூரமில்ல. கீழ்வீட்டுக்காரவிய எல்லாரும் மாடிக்கு ஏறியாச்சு, எவரு வீட்டு சிலிண்டர்ல கேஸ் இருந்துச்சோ அங்க எல்லாருக்கும் சேத்து கஞ்சி, கரண்டு இல்ல, போன்ல சார்ஜ் இல்ல, வேற வழியில்லாம மனுசங்க பேசிக்கிட்டோம். வருசக்கணக்கா எதுத்த வீட்டுல இருக்க அண்ணாச்சிக்கு சுகர் உண்டுங்கறதே, ஃப்ரிட்ஜ் ஓடாம இன்சுலின எங்க வைக்கன்னு அவரு தவிச்சப்பதான் எனக்கு தெரியும். பொறவு தண்ணி வடிஞ்சு, சகதிய அள்ளி, பீரோவ வெயில்ல காயப் போட்டு, எல்லாம் முடிஞ்சதும் அவங்கவங்க கேட்ட சாத்திட்டு உள்ள போயிட்டோம்.

எங்க தெருவுல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இருக்காவ, எல்லாருக்கும் சார்வாள்தான். அவியதான் சொன்னாவ, "தண்ணி வந்தாத்தான் பேசுவோம்னா அடுத்த வெள்ளத்துக்குல்லா காத்துக் கெடக்கணும்"னு. சரின்னு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் எங்க மொட்டைமாடில கூடுததுன்னு முடிவாச்சு, ரிஜிஸ்டர் பண்ணாத அந்த சங்கத்துக்கு என்னய செயலாளர்னு புடிச்சும் போட்டாச்சு. கூடுனா என்ன பேசுவோம்? சாக்கடை, தெருநாய், குப்பை வண்டி, எவன் கார எவன் வாசல்ல நிப்பாட்டுனான். ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், இளசுகள் தண்ணித் தொட்டி பின்னால போனோட. வீட்டுல இருந்தே வேலை பாக்குத ஐ.டி. தம்பி ஒருத்தன், "எங்க டீம்ல புதுசா ஆளு வந்தா ஐஸ் பிரேக்கர் கேள்வி கேப்போம்க்கா, நீங்களும் போட்டுப் பாருங்களேன்"ன்னான். அப்படி வந்து சேந்துச்சு இந்த பெட்டி.

பொருள பத்தி மொதல்ல முடிச்சிருதேன். கார்டு கனம் பரவால்ல, மேல பளபளன்னு ஒரு பூச்சு இருக்கு, வடை தின்ன கையோட புடிச்சாலும் தொடச்சா போயிருது. எழுத்துதான் பொடிசு, மொட்டைமாடி டியூப்லைட்ல ஆச்சிமாரால வாசிக்க முடியாது. அதனால பிள்ளைகள வாசிக்க விட்டோம், அது ரொம்ப நல்லதா போச்சு, ஏன்னா ஏழாப்பு படிக்குத பிள்ளை வந்து நின்னு "தாத்தா நீங்க சின்ன வயசுல எதுக்கு அடி வாங்குனீங்க"ன்னு கேட்டா கோவிக்கவும் முடியாது, மழுப்பவும் முடியாது. பெட்டி சீக்கிரமே மூலைல பிஞ்சுட்டு, கார்டெல்லாம் இப்ப ஒரு பழைய அல்வா டப்பால ரப்பர் பேண்டு போட்டு கெடக்கு. மணல் கடிகாரம் நடுவுல அடைச்சுக்கிடும், தட்டணும். இதுக்கே அரை ஸ்டாரு போச்சு.

அந்த நோட்டீஸுல "அறிவியல்பூர்வமா நிரூபிக்கப்பட்ட முறை, 36 கேள்வியில் காதலே மலரும்"னு ஒரு பீத்தல் இருக்கு. அது பாதி உண்மை. 1997ல ஆர்தர் ஆரோன்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியரும் அவரு கூட இருந்தவங்களும் செஞ்ச ஆராய்ச்சி அது. முன்ன பின்ன பழகாத ஆளுங்கள ரெண்டு ரெண்டு பேரா உக்கார வச்சு, 36 கேள்விய மூணு பங்கா பிரிச்சு, ஒவ்வொரு பங்கும் முந்தினத விட கொஞ்சம் அந்தரங்கமா போற மாதிரி அடுக்கி, முக்கா மணி நேரம் மாறி மாறி பதில் சொல்ல வச்சாங்க. வெறும் ஊர்ப்பேச்சு கேள்வி குடுத்த ஜோடிகள விட இவங்க ஒருத்தருக்கொருத்தர் நெருக்கமா உணந்தாங்கங்கறதுதான் முடிவு. காதல் வர வைக்கணும்னு அவரு கெளம்பல, நெருக்கம் எப்படி உண்டாகுதுன்னு பாக்கத்தான் கெளம்புனாரு. இதுல எனக்கு உபயோகப்பட்டது ரெண்டு விசயம். ஒண்ணு, கேக்குறவரும் பதில் சொல்லணும், ஒருத்தர் மட்டும் அவுத்துப் போட்டுட்டு இன்னொருத்தர் வேடிக்கை பாக்கக் கூடாது. ரெண்டு, படி படியாத்தான் ஏறணும். பெட்டிக்காரன் இந்த ரெண்டையும் நோட்டீஸுல எங்கயும் எழுதல, காதல மட்டும் எழுதியிருக்கான்.

பச்சைல சிலது அந்த 36ல இருந்தே சுட்டது. "போன் பண்ணுததுக்கு முன்னால என்ன பேசணும்னு ஒத்திகை பாப்பீங்களா", "கடைசியா எப்ப தனக்குத்தானே பாட்டு பாடுனீங்க" ரெண்டும் அதுல அப்படியே உண்டு. சுட்டாலும் நல்ல கேள்விதான். பாட்டு கார்டு எங்க ஈ.பி. அண்ணாச்சிக்கு விழுந்துச்சு, மின்வாரியத்துல இருந்து ரிட்டயர்டு ஆனவரு, கூட்டத்துல சாக்கடைக்கு மட்டும் வாயத் தொறக்க ஆளு. அவரு கொஞ்சம் தயங்கிட்டு, "தெனமும்தான், காலைல கார்ப்பரேஷன் தண்ணி வரும்லா, குடம் நெறையுத வரைக்கும்"னாரு. உடனே சுவர ஒட்டி இருக்க பக்கத்து வீட்டு மதினி, "அது நீங்கதானா அண்ணாச்சி, நான் எவரு வீட்டு ரேடியோவோன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன், சவுண்ட கொறைக்கச் சொல்லணும்னு வேற இருந்தேன்"னுட்டா. மாடியே குலுங்குச்சு. அன்னைக்கு அவரு பாடல, அதுக்கடுத்த கூட்டத்துல பாடுனாரு, இப்ப பாடாம விட மாட்டேங்காரு, அது வேற கதை.

"நீங்க ஒரு விலங்கா இருந்தா எந்த விலங்கு"ன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு அண்ணாச்சி வீட்டுக்காரம்மாவே "இப்ப மட்டும் என்னவாம்"னு முடிச்சு வச்சுட்டாவ. இப்படி அந்தரத்துல தொங்குத கேள்வி, சூப்பர் பவர், தனித்தீவு, டைம் மெஷின், எல்லாத்தையும் பிள்ளைகளுக்கு ஒதுக்கியாச்சு. பெரியவிய யாருக்கும் அதுல ருசி இல்ல.

"உங்க ஊர்ல ஒரு இடத்த வெளியூர்க்காரருக்கு காட்டணும்னா எத காட்டுவீங்க" நல்ல கார்டு, ஆனா சார்வாள் கைல குடுத்துரக் கூடாது. சுலோசன முதலியார் பாலத்துல ஆரம்பிச்சாவ, 1843ல தெறந்தது, சொந்தக் காச போட்டு மனுசன் கட்டுனாரு, அதுக்கு முன்ன பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவுல ஓடந்தான் கதின்னு. மணல் கடிகாரம் ஓடி முடிஞ்சா அவியளே அத தலைகீழா திருப்பி வச்சுட்டு பேச்ச தொடருதாவ. எவரு தடுக்க? பாதிப் பேருக்கு அவிய வகுப்பெடுத்தவிய.

இப்ப மெயின் சமாச்சாரத்துக்கு வாரேன். பெட்டில முதல் நம்பர் பச்சை கார்டே இதுதான்: "உங்க சொந்த ஊர் எது? அங்க உங்க வீடு எந்தத் தெருவில் இருந்தது?" எழுதுன ஆளு ரொம்ப லேசான கேள்வின்னு நெனச்சு எழுதியிருக்கணும். எங்க பக்கம் இது லேசான கேள்வியே இல்ல. ஊரு பேரையும் தெரு பேரையும் சொல்லிட்டா மிச்சத்த கேக்குறவரே மனசுக்குள்ள நெரப்பிக்கிடுவாரு, யாரு எவருன்னு. "தம்பிக்கு எந்த ஊரு", "யாரு வீட்டுப் பிள்ள"ன்னு டீக்கடைல பாசமா கேக்குததுக்கு பின்னால பல நேரம் இந்தக் கணக்கு ஓடும், இது இங்க பொறந்து வளந்த எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளிய சொல்ல மாட்டோம். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரில பள்ளிக்கூடத்துப் பையன சாதிய வச்சு வீடு புகுந்து வெட்டுனது கூடப் படிச்ச பையங்க. அதுக்குப் பொறவுதான் அரசாங்கம் நீதிபதி சந்துருவ ஒரு நபர் குழுவா போட்டு, அவரு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்து, மாணவங்க கைல சாதிக் கலர் கயிறு கட்டக் கூடாதுன்னெல்லாம் அதுல சொன்னாரு. கயித்த அவுக்கச் சொல்லலாம், தெரு பேரக் கேக்குதத எப்படி அவுக்க?

நேர்ல என்ன நடந்துச்சுன்னா, கொரியர் கம்பெனில வேலை பாக்க தம்பி ஒருத்தன், வாடகைக்கு வந்து கொஞ்ச நாளுதான் ஆகுது, அவனுக்கு இந்த கார்டு விழுந்துச்சு. "தென்காசி பக்கம்"னான். "பக்கம்னா எங்கன?"ன்னு ஒருத்தரு இழுத்தாரு. "பக்கந்தான் அண்ணாச்சி, பஸ்ஸுல போனா அர மணி நேரம்"னு சிரிச்சான். சிரிச்சானே தவிர கைல இருந்த டீ கிளாஸ பாத்துக்கிட்டே இருந்தான், அன்னைக்கு பூரா வேற எதுக்கும் பேசல. நான் அந்த கார்ட எடுத்து ஹேண்ட்பேக்ல போட்டேன், இன்னும் அதுலதான் கெடக்கு. பழக்கமில்லாதவங்கள ஒண்ணு சேக்கன்னு வித்த பெட்டில, ஒருத்தன ஓரமா ஒதுக்குத கேள்விய ஒண்ணாம் நம்பரா வச்சிருக்கான், ஒரு முழு ஸ்டாரு இதுக்குத்தான் கட்டு.

சாப்பாட்டு கார்டுலயும் இதே சங்கடம். "உங்க வீட்டு விசேஷ சாப்பாடு என்ன"ன்னு கேட்டா ஒருத்தர் தேங்காப்பால்ல வைக்குத சொதின்னு சொல்லுவாரு, இன்னொருத்தர் கெடாக் கறிம்பாரு, ஒவ்வொரு பதிலுக்கும் கூட்டத்துல சில தல லேசா ஆடும். நாங்க அந்தக் கேள்வியவே மாத்திட்டோம்: "சமைக்கப் போய் நீங்க சொதப்புனது என்ன?" அவ்வளவுதான், மொத்த மாடியும் ஒண்ணாயிட்டு. சொதப்பாத ஆளு உண்டா? எங்க தெரு பெரியம்மை ஒருத்தி, மகளுக்கு மறுவீடு, மாப்பிள்ளை வீட்டாளுங்க உக்காந்தாச்சு, இஞ்சிப் பச்சடி ரெடி, உருளைக்கெழங்கு வறுவல் ரெடி, சொதில கடைசில தலைப்பால ஊத்திட்டு உடனே எறக்கணும்லா, எவளோ கூப்புட்டான்னு வாசலுக்கு போயிட்டு வந்தா பாலு கொதிச்சு திரிஞ்சு போச்சு. "பொறவு என்ன பண்ணுனீய"ன்னு பிள்ளை கேக்கு. "என்ன பண்ண, மத்த வச்சு ஒரு கடை கடைஞ்சு, இது எங்க ஊரு சொதின்னுட்டேன்"னா. கொரியர் தம்பியும் அன்னைக்குத்தான் வாயத் தொறந்தான், பேச்சிலர் ரூம்ல உளுந்தம்பருப்புச் சோறு வைக்கப் போய் குக்கர் விசில் பறந்து மேல போயி ஒட்டிக்கிட்ட கதைய. அந்த விசில அவன் கையால காட்டுன விதத்துக்கே மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாவ.

மஞ்சள் கார்டுதான் இந்தப் பெட்டில தங்கம். குறிப்பா "தூக்கிப் போட மனசு வராத பொருள் உங்க வீட்டில் என்ன". இந்த ஒரு கார்டுக்காகவே காசு குடுக்கலாம். பொருள கையோட கொண்டு வரச் சொல்லி முந்தின நாளே வாட்ஸப்புல போட்டோம். மூணாவது வீட்டு மதினி ஒரு பாய சுருட்டி எடுத்துட்டு வந்தா. பத்தமடைப் பட்டுப் பாய், அவ கல்யாணத்துக்கு நெய்ஞ்சது, பொண்ணு மாப்பிள்ளை பேரும் தேதியும் பாயிலயே சேத்து நெய்ஞ்சு குடுப்பாவலா, அது. கோரைய அவ்வளவு மெல்லிசா கிழிச்சு நெய்யுத பாய், மடிச்சா துணி மடியுத கணக்கா மடியும்னு சொல்லுவாவ. வெள்ளத்துல அது கட்டிலுக்கு அடில கெடந்து ஊறிட்டு. விரிச்சா ஒரு ஓரம் பூரா கருப்பு கருப்பா பூசணம், சாயம் எறங்கி மாப்பிள்ளை பேருல பாதி மங்கிப் போச்சு, அவ பேரு மட்டும் பளிச்சுன்னு இருக்கு. "பாத்தியளா, தண்ணிக்கே தெரிஞ்சிருக்கு இந்த வீட்டுல யாரு பேரு நிக்கும்னு"ன்னா. அவ வீட்டுக்காரரு தலையத் தொங்கப் போட்டுட்டு சிரிக்காரு. நஷ்ட ஈடு, நிவாரணத் தொகைன்னு அந்த வெள்ளத்த பத்தி எவ்வளவோ பேசியிருக்கோம், ஆனா எவரு வீட்டுல என்ன போச்சுங்கறத அன்னைக்குத்தான் ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கிட்டோம். ரேஷன் கார்டு, பிள்ளைகள் சர்ட்டிபிகேட், செத்துப் போன மாமியாரோட ஒரே ஒரு போட்டோ. அந்த மாமியாரு இன்னொரு வீட்டு கல்யாண ஆல்பத்துல, பந்தில உக்காந்திருக்க வரிசைல, ஓரமா இருந்தது தெரிய வந்து அவங்க காப்பி எடுத்துக் குடுத்தாங்க. இதெல்லாம் பெட்டிக்காரன் கணக்குல வராது.

"முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்"னு இன்னொரு மஞ்சள். ஐ.டி. தம்பி அம்மாவுக்கு சேலைன்னான், சார்வாள் சைக்கிள்னாவ, சரி எல்லாரும் இப்படித்தான் சொல்லப் போறாங்கன்னு நான் காப்பி ஊத்த எந்திரிச்சேன். மாஞ்சோலை ஆச்சின்னு ஒருத்தி உண்டு எங்க தெருவுல, அந்த மலை எஸ்டேட்டுல தேயிலை பறிச்சவ, இப்ப மக வீட்டோட இருக்கா. அவ சொன்னா, "என் முதச் சம்பளத்த நான் எங்க பாத்தேன், கங்காணி எங்க அப்பா கைலல்லா குடுத்தாரு." சொல்லிட்டு வெத்திலைய மடிச்சா. எனக்குப் பக்கத்துல இருந்த இன்னும் ரெண்டு பொம்பளையாளுங்க, "எனக்கும் அப்படித்தான்", "எனக்கு மாமனார்"னாங்க. கேள்விய எழுதுன ஆளுக்கு சம்பளம் வாங்குனா அது வாங்குனவ கைக்கு வரும்னு நெனப்பு. சரி, உங்க கைக்குன்னு மொதல்ல வந்த காசு எதுன்னு கேட்டேன். கூடுதல் கிலோ பறிச்சா தனியா கொஞ்சம் காசு உண்டாம், அத முந்தானைல முடிஞ்சு வச்சு, அம்பாசமுத்திரத்துக்கு எறங்குனப்ப கண்ணாடி வளவி வாங்கி, எஸ்டேட்டு பஸ்ஸு ஏற்றத்துல குலுங்குன குலுக்குல மேல போய்ச் சேருததுக்குள்ள பாதி உடைஞ்சிட்டுதாம்.

அந்த ஆச்சி பேச ஆரம்பிச்சா நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு மலை பூரா வந்துரும். சிங்கம்பட்டி ஜமீன் 1929ல 99 வருசத்துக்கு குத்தகை விட்ட மலை, 2028ல குத்தகை முடியுது, 2024லயே தொழிலாளிகள எறங்கச் சொல்லி பெரிய பிரச்சினை ஆச்சு, எல்லாரும் பேப்பர்ல படிச்சதுதான். ஆனா படிச்ச யாரும் பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல. டிசம்பர் மழைல நாங்க எல்லாரும் அலறுனப்ப, "ஊத்துல பெய்யாத மழையா"ன்னு அவ மட்டும் அசராம உக்காந்திருந்தது ஏன்னு இப்ப எங்களுக்கு வெளங்குது.

சிவப்பு கார்டு பத்தி. "உங்க வாழ்க்கையில் மிகப் பெரிய வருத்தம்", "யாரிடம் மன்னிப்பு கேட்க நினைக்கிறீர்கள்", "கடைசியாக எப்போது அழுதீர்கள்". பத்திருவது பேரு உக்காந்திருக்க மாடில இத எடுத்தா, முதல் பந்தி உக்காந்து எலைல தண்ணி தெளிக்கும்போதே பாயாசத்த கொண்டாந்து ஊத்துன மாதிரி. எல்லாருக்கும் ஒரே நேரத்துல கொசு கடிக்க ஆரம்பிச்சிட்டு, ரெண்டு பேருக்கு போன் வந்துட்டு, ஒருத்தருக்கு மாத்திரை போடுத நேரம் ஞாபகம் வந்துட்டு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. நாளைக்கு காலைல குப்பை போட போகும்போது மொகத்துல முழிக்கணும்லா, சொந்தக்காரன விட தெருக்காரன்கிட்ட வீட்டு விசயத்த மறைக்கத்தான் நாம பழகியிருக்கோம்.

ஆனா அதே சிவப்பு வேற மாதிரி உக்கார வச்சப்ப வேலை செஞ்சுச்சு. மேலப்பாளையத்துல இருந்து வந்து குடியிருக்க அக்கா ஒருத்தவிய பீடி சுத்துதாவ. எங்க மாவட்டத்துல பீடி சுத்துத பொம்பளையாளுங்கள பாத்தா தெரியும், திண்ணைல வட்டமா உக்காந்து, மடில தட்டு, தட்டுல வெட்டுன இலையும் தூளும், கை பாட்டுக்கு சுத்தும், கண்ணு யாரையும் பாக்காது, வாயி மட்டும் ஓயாது. அந்தக்கா பாட்டுக்கு சொன்னாவ, "நீங்க எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு கைய கட்டிக்கிட்டு மொகத்த மொகத்த பாத்தா எவ பேசுவா? கைக்கு ஒரு வேலைய குடுங்க." அடுத்த தடவ பொங்கலுக்கு முந்தி கூட்டம், எல்லாருக்கும் ஆளுக்கு கொஞ்சம் மொச்சையும் பச்சைப் பட்டாணியும் உரிக்க குடுத்தோம், ஆம்பளையாளுக்கும் சேத்துத்தான். ரெண்டு ரெண்டு பேரா பக்கத்துல பக்கத்துல, எதுத்தாப்புல இல்ல. ஒரு ஜோடிக்கு ஒரு கார்டு, எடுத்த கார்ட சத்தமா வாசிக்க வேண்டாம், பதில யாருக்கும் ஒப்பிக்க வேண்டாம். எங்க வீட்டுக்காரரும் ஈ.பி. அண்ணாச்சியும் மொச்ச தீந்த பொறவும் வெறும் தொலிய கைல வச்சு நிமிண்டிக்கிட்டே அர மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தாவ. என்ன பேசுனீங்கன்னு நான் வீட்டுல கேட்டேன், "அது எங்களுக்குள்ள"ன்னுட்டாரு. கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல எனக்குத் தெரியாத ஒரு விசயம் எதுத்த வீட்டு அண்ணாச்சிக்கு தெரியுது, பாருங்க.

இன்னொண்ணு, சிவப்பு கார்டு வீட்டுக்குள்ள ரெண்டு பேருக்கு நடுவுல நல்லா போகும். அமெரிக்காவுல ஸ்டோரிகார்ப்ஸ்னு ஒண்ணு 2003ல நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள ஒரு சின்ன ரூம் போட்டு ஆரம்பிச்சாங்க, ஏற்கெனவே பழக்கமுள்ள ரெண்டு பேரு உள்ள போயி ஒரு நாப்பது நிமிசம் ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேட்டு பேசி ரெக்கார்டு பண்ணுவாங்க, பேட்டி எடுக்க தனியா பத்திரிகைக்காரர் யாரும் கெடையாது, மகன் அம்மாவ கேப்பான், பேத்தி தாத்தாவ கேப்பா. மாஞ்சோலை ஆச்சி பேத்திகிட்ட இத சொன்னேன், அவ நாலு சிவப்பு கார்ட கடன் வாங்கிட்டு போயி போன்லயே ஆச்சிய ரெக்கார்டு பண்ணியிருக்கா. அந்த நாலு கார்டு இன்னும் திரும்பி வரல, நானும் கேக்கல.

விதின்னு நாங்க வச்சது கொஞ்சந்தான், பெட்டில இல்லாதது. பிடிக்கலன்னா "அடுத்து"ன்னு சொல்லிட்டு கார்ட கீழ வைக்கலாம், ஏன்னு யாரும் கேக்கக் கூடாது. கார்டு எடுத்துக் குடுக்குறவரு மொதல்ல தன் பதில சொல்லணும், சும்மா பிள்ளைய ஏவி விட்டுட்டு உக்காரக் கூடாது. கூட்டம் எட்டுப் பேருக்கு மேல போனா ரெண்டா பிரிக்கணும், இல்லன்னா கடைசி ஆளுக்கு மொற வரதுக்குள்ள வடை ஆறிப் போவும். மாடில கேட்டத வாட்ஸப்புல போடக் கூடாது. இந்த கடைசி விதிய ஒருத்தரு மீறுனாரு, ஒரு சண்டையும் ஆச்சு, தீந்தும் போச்சு, அத விடுங்க.

சாக்கடைப் பேச்சு நின்னுட்டான்னு கேட்டா, நிக்கல. இப்பமும் முதல் பதினஞ்சு நிமிசம் சாக்கடைதான். ஆனா கொரியர் தம்பிக்கு காய்ச்சல்னதும் ரசம் சோறு நாலு வீட்டுல இருந்து போச்சு, எவரு வீட்டுல இருந்து வந்துச்சுன்னு பாத்து அவன் தின்னதா தெரியல.

வாங்கலாமான்னா: அபார்ட்மென்ட், தெரு சங்கம், மகளிர் குழு, காலேஜ் ஹாஸ்டல், ரிட்டயர்டு ஆளுங்க வாக்கிங் குரூப், இதுக்கெல்லாம் ஓகே, மஞ்சள் கார்டுக்காக வாங்கலாம். ஆபீஸ்ல மேனேஜர் தனக்கு கீழ இருக்கவங்கள கேக்கன்னு வாங்காதீங்க, சம்பளம் குடுக்க ஆளு "உங்க பயம் என்ன"ன்னு கேட்டா எவன் உண்மைய சொல்லுவான். பொண்ணு பாக்க போற எடத்துக்கு கொண்டு போகலாமான்னு ஒரு பையன் என்கிட்ட கேட்டான், தம்பி, பச்சையோட நிறுத்திக்கோ.

அறுநூறு ரூவா ஜாஸ்தின்னு தோணுனா பழைய கல்யாணப் பத்திரிகை பின்பக்கத்த வெட்டி நீங்களே எழுதுங்க, நாங்க இப்ப அதத்தான் செய்யுதோம், கெட்டி அட்டை, ஓரத்துல தங்கக் கலரு வேற. எங்க கைக் கார்டுல நல்லா ஓடுனது சிலது சொல்லுதேன், எடுத்துக்கோங்க: 1992 நவம்பர் வெள்ளத்தப்ப நீங்க எங்க இருந்தீங்க, உங்கள தூக்கிட்டு ஓடுனது யாரு. பள்ளிக்கூடத்துல உங்க பட்டப்பேரு என்ன, வச்சவன் இப்ப எங்க இருக்கான். நெல்லையப்பர் ஆனித் தேர்க் கூட்டத்துல எப்பவாவது தொலைஞ்சு போனதுண்டா, யாரு கண்டுபிடிச்சா. கடன் வாங்கி இன்னும் திருப்பிக் குடுக்காத பொருள் என்ன. இந்த கடைசி கேள்விக்கு பதிலா எங்க தெருவுல ஒரு இடியாப்பக் குழலும் ஒரு ஏணியும் அன்னைக்கு ராத்திரியே வீடு வந்து சேந்துச்சு.

அப்புறம் அந்த மணல் கடிகாரம் மட்டும் தனியா, அடைக்காம ஓடுறதா, திருநெல்வேலி டவுனுலயோ பாளைலயோ எந்தக் கடைல கெடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. தலைகீழா திருப்ப முடியாததா இருந்தா இன்னும் நல்லது, சார்வாளுக்கு.